ஏசில கேஸ் இல்லைன்னு சொல்லி ஏமாத்துறாங்க, வீட்ல பெரியவங்க தனியா இருந்தா கண்டிப்பா படிங்க

குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இருக்கிறவங்க கொஞ்சம் உஷாரா இருங்க. மத்த ஏரியாவுலயும் இதேதான் நடக்குதுன்னு கேள்விப்படுறேன். கத்திரி வெயில் ஆரம்பிச்சா போதும், ஏசி சர்வீஸ்னு வர்ற பல பேர் வாயில வர்ற மொத வார்த்தையே "கேஸ் காலி"தான். எங்க அப்பா அம்மாகிட்ட அப்படி சொல்லி 5,900 ரூபா கறந்துட்டு போயிருக்கானுங்க. எப்படி பண்ணானுங்கன்னு முழுசா எழுதுறேன், இந்த தில்லாலங்கடி தெரிஞ்சுட்டா உங்க வீட்ல நடக்க விடமாட்டீங்க.

அவங்க பெட்ரூம்ல 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி, உள்ள கூலிங்குக்கு இருக்கிறது ஆர்32ங்கிற வகை கேஸ். கூலிங் குறைஞ்சு போச்சு, இன்டோர் யூனிட்லேர்ந்து சுவத்துல தண்ணி வேற வழிய ஆரம்பிச்சுது. அப்பா போன்ல பிராண்டு பேரோட கஸ்டமர் கேர்னு தேடியிருக்காரு, மேல வந்த நம்பருக்கு அடிச்சா ஒரு பொண்ணு ரொம்ப மரியாதையா பேசி அட்ரஸ் வாங்கியிருக்கு, கம்பெனிதான்னு யாரா இருந்தாலும் நம்புவாங்க. ரெண்டு பசங்க வந்தானுங்க. ஐடி கார்டு கேட்டதுக்கு "ஆபீஸ்ல இருக்குப்பா"ன்னு சொல்லிட்டானுங்க.

வந்தவன் இன்டோரை சரியா பாக்கவே இல்ல. நேரா பால்கனிக்கு போய் அவுட்டோர் யூனிட்ல கேஜ் (கேஸ் பிரஷர் காட்டுற மீட்டர்) மாட்டி, "பாருங்கம்மா, முள்ளு ஜீரோக்கு போகுது, கேஸ் சுத்தமா இல்ல, ஒவ்வொரு வருஷமும் போடணும்மா, யாரும் சொல்லலையா உங்களுக்கு"ன்னு கேட்டிருக்கான். அம்மா பக்கத்துலயே நின்னு முள் இறங்குறதை கண்ணால பாத்திருக்காங்க, அப்புறம் எப்படி சந்தேகம் வரும்? கேஸுக்கு 4,200, பிசிபின்னு சொல்ற எலக்ட்ரானிக் போர்டுல மண்ணு புடிச்சிருக்குன்னு பிரஷ்ஷால தட்டினதுக்கு 1,200, வந்து போனதுக்கு 500. பில்லுன்னு ஒரு துண்டு சீட்டு, அதுல ஜிஎஸ்டி நம்பரும் கிடையாது, கடை அட்ரஸும் கிடையாது.

கொஞ்ச நாள் ஓடிச்சு, அப்புறம் மத்தியான வெயில்ல தானா நின்னு நின்னு போக ஆரம்பிச்சுது. அந்த நம்பருக்கு அடிச்சா எடுக்கவே மாட்டேங்குறானுங்க. நான் வேளச்சேரிலேர்ந்து போய், அவங்க தெருவுல ரொம்ப வருஷமா மெக்கானிக்கா இருக்கிற அண்ணனை கூட்டிட்டு வந்தேன்.

அவரு மொதல்ல அம்மாகிட்ட கேட்ட கேள்வியே, "கேஜ் மாட்டுறதுக்கு முன்னாடி வேற எதையாவது திருகினானாம்மா?"ன்னுதான். சின்ன பைப் பக்கத்துல ஒரு பித்தளை மூடியை கழட்டி உள்ள ஒரு கம்பியை விட்டு திருப்பினான்னு அம்மா சொன்னாங்க. உடனே அண்ணன் ஆலன் கீ எடுத்து எங்க முன்னாடியே செஞ்சு காட்டினாரு. ஏசி ஓடிட்டு இருக்கும்போது சின்ன பைப் வால்வை மூடினா கேஸ் முழுக்க அவுட்டோர்லயே அடைஞ்சுக்கும், பெரிய பைப்ல மாட்டின கேஜ் முள்ளு அப்படியே சரசரன்னு ஜீரோக்கு இறங்குது. ஏசியை வேற வீட்டுக்கு மாத்தும்போது கேஸ் வீணாகாம இருக்க பண்ற பம்ப் டவுன் வேலைதான் இது. மறுபடி வால்வை திறந்தா முள்ளு பழைய இடத்துக்கு ஏறிடுது. அந்த நேரத்துல ஒரு சிலிண்டரை சொருகி வச்சுக்கிட்டா கேஸ் ஏத்தின மாதிரி இருக்கும், அவ்வளவுதான் வித்தை. வயசானவங்க முன்னாடி நின்னு கூசாம இதை பண்ணியிருக்கானுங்கன்னு நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

"ஏசி கேஸ் என்ன பெட்ரோலா தம்பி, ஓட ஓட தீர்றதுக்கு?"ன்னாரு அண்ணன். அது சீல் பண்ண சிஸ்டம். கேஸ் குறைஞ்சா எங்கயோ லீக்னு அர்த்தம், லீக்கை பாக்காம டாப் அப் பண்றது காசை காத்துல விடுறது. லீக் இருந்தா பெரும்பாலும் நட் ஜாயின்ட்ல எண்ணெய் கறை தெரியும், சோப்பு தண்ணி தடவினா குமிழி வரும், அதுலயும் தெரியலைன்னா நைட்ரஜன் அடிச்சு பாக்கணும். கேஜ் முள்ளை மட்டும் வச்சு முடிவு பண்ணவும் கூடாது, ஃபில்டர் அடைச்சிருந்தாலே பிரஷர் குறைச்சலா காட்டும். போதாததுக்கு பழைய ஆர்22 ஏசில 60-70 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) ஓடினா நார்மல், ஆர்32ல ஓடும்போதே நூறுக்கு மேல இருக்கும், எந்த கேஸ்னு கேக்காம முள்ளை மட்டும் காட்டுறவன் பேச்சை கேக்காதீங்க.

எங்க ஏசில நிஜ பிரச்சினை என்னன்னா, இன்டோர் காயிலும் ப்ளோயரும் கம்பளி போத்தின மாதிரி தூசி. காத்து போகாம காயில்ல ஐஸ் கட்டியிருக்கு, அது உருகி, ட்ரெயின் பைப்பும் அடைச்சிருந்ததால தண்ணி சுவத்துல வழிஞ்சிருக்கு. ஒரு வாட்டர் சர்வீஸ்ல முடிய வேண்டிய வேலை. அவனுங்க கொஞ்சம் கேஸ் உள்ள விட்டும் இருக்கானுங்க, அதனாலதான் வெயில் நேரத்துல ஹை பிரஷர்ல கட் ஆயிருக்கு. அண்ணன் கேஸை சிலிண்டர்ல திரும்ப எடுத்து தராசுல வச்சாரு, அவுட்டோர் ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற கிராமை விட அதிகமா இருந்துச்சு. அதாவது எங்க ஏசில கேஸ் குறையவே இல்ல! அப்புறம் வேக்கம் போட்டு, அதாவது பம்ப் வச்சு பைப்புக்குள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துட்டு, ஸ்டிக்கர்ல இருக்கிற அளவுக்கு நிறுத்து ஏத்தினாரு.

இனிமே யாராவது கேஸ் இல்லைன்னா மூணே மூணு கேளுங்க: லீக் எங்கன்னு காட்டு, வேக்கம் பம்ப் கொண்டு வந்திருக்கியா, சிலிண்டரை தராசுல வச்சு எத்தனை கிராம்னு காட்டு. இதுக்கு மழுப்பினா வேலையே ஆரம்பிக்க விடாதீங்க. ஆளை கூப்பிடுறதுக்கு முன்னாடி ஃபில்டரை கழட்டி கழுவி காய வச்சு மாட்டுங்க, ரிமோட் கூல் மோட்ல இருக்கா, அவுட்டோர் ஃபேன் சுத்துதான்னு பாருங்க. கஸ்டமர் கேர் நம்பரை வாரண்டி கார்டுலயோ கம்பெனி ஆப்லயோ எடுங்க, சர்ச்ல வர்றதை நம்பாதீங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன், துண்டு சீட்டு போட்டோவும் பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டும் பத்திரமா வச்சிருக்கேன். போலி கஸ்டமர் கேர்னு சைபர் கிரைம் 1930லயும் சொல்லியிருக்கேன். அந்த நம்பர் இன்னிக்கும் வேற வேற பிராண்டு பேர்ல சர்ச்ல வந்துட்டுதான் இருக்கு, பாக்கும்போதெல்லாம் ரிப்போர்ட் அடிச்சிட்டு இருக்கேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தா எந்த ஏரியான்னு சொல்லுங்க, சேர்ந்தே போய் ஸ்டேஷன்ல எழுதி குடுக்கலாம்.