ஊட்டில வாங்குன ஹெட்பேண்ட் என்95 மாஸ்க்: வார்டுல போட்டுப் பாத்தவ ரிவ்யூ

சேரிங் கிராஸ் பக்கம் ஒரு சர்ஜிக்கல் கடைல வாங்குனது. கப் ஷேப், தலைக்குப் பின்னாடி ரெண்டு எலாஸ்டிக், மூக்கு மேல அலுமினியம் கிளிப், உள்ள ஸ்பான்ஜ். கம்பெனி பேர் போட்டா காசு வாங்கிட்டு எழுதுறேன்னு சொல்லுவீங்க, அதனால போடலை, எதைப் பாத்து வாங்கணும்னு மட்டும் சொல்றேன். நான் மலைல ஒரு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், மெடிக்கல் வார்டு. காய்ச்சல் சீசன் வந்தா பாதி வார்டு இருமிட்டுதான் இருக்கும், ஆனா கோவிட் போச்சுன்னு சொல்லி எங்களுக்குக் குடுக்குறது திரும்ப அந்த நீலக் கலர் மூணு லேயர் மாஸ்க்தான், அதனால இது சொந்தக் காசு.

கடைக்கார அண்ணா முதல்ல காதுல மாட்டுறதைத்தான் எடுத்து நீட்டுனாரு, "சிஸ்டர் இதுவும் என்95தான், விலை பாதி"ன்னு. காதுல மாட்டுறது எல்லாமே டூப்ளிகேட்னு நான் சொல்லலை, ஆனா அமெரிக்காவோட நியோஷ் (வேலை இடப் பாதுகாப்பைப் பாக்குற அரசு அமைப்பு) அப்ரூவல் வாங்குன என்95ல காது லூப் வராது, தலையைச் சுத்தி ரெண்டு பட்டைதான் வரும், மாஸ்க் மேலயே அப்ரூவல் நம்பர் அச்சடிச்சிருக்கும். நம்ம ஊர் சரக்குன்னா ஐஎஸ் 9473ங்கிற இந்தியத் தர நம்பரைப் பாருங்க. ஏன் இவ்வளவு பாக்கணும்னா, ஃபில்டர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் கன்னத்து ஓரமா காத்து உள்ள போச்சுன்னா எல்லாம் வேஸ்ட்.

போட்டுட்டு ரெண்டு கையாலயும் மாஸ்க்கை மூடி ஊதிப் பாத்தேன், கண்ணு பக்கம் காத்து வந்துச்சு, கிளிப்பை ரெண்டு விரலால அமுக்கி விட்டதும் நின்னுருச்சு. ஊட்டிக் குளிர்ல கண்ணாடி போடுறவங்களுக்கு இன்னொரு டெஸ்ட்டும் ஃப்ரீ, மூக்கு மேல லீக் இருந்தா மூச்சு விட்ட உடனே கண்ணாடி வெள்ளையாகிரும். தாடி வச்ச டாக்டர்ஸ் எந்த மாஸ்க் போட்டாலும் ஓரம் உக்காராது, இதை எங்க வார்டுல சொன்னா முறைக்கிறாங்க.

துவைக்காதீங்க, சானிடைசர் அடிக்காதீங்க. இது வெறும் சல்லடை மாதிரி வேலை செய்யுறது இல்லை, நடு லேயர்ல இருக்குற பிளாஸ்டிக் நார்ல மின்சாரச் சார்ஜ் ஏத்தி இருப்பாங்க, 0.3 மைக்ரான் சைஸ் துகளையே 95 சதவீதமாவது பிடிக்குதுன்னா அதுக்கு அந்தச் சார்ஜும் ஒரு முக்கியக் காரணம், சோப்பும் ஸ்பிரிட்டும் பட்டா அது போயிரும். 2020ல ஸ்டாக் இல்லாதப்ப ஒரு ஆளுக்கு அஞ்சு மாஸ்க், அஞ்சு பேப்பர் கவர், நாளுக்கு ஒண்ணுன்னு சுத்தி சுத்திப் போட்டோம், கீழ கோயமுத்தூர்ல சரி, இங்க ஜூலை மழைல கவருக்குள்ள வச்சது அஞ்சாவது நாளும் ஈரமாவே இருக்கும்.

இப்ப மாஸ்க்கால ஆகாத விஷயத்துக்கு வர்றேன். 2020ல பிரிட்டன், அமெரிக்கா ரெண்டு நாட்டுலயும் ஃபோன் ஆப் வச்சு 20 லட்சம் பேருக்கு மேல பாத்து லான்செட் பப்ளிக் ஹெல்த்ங்கிற மருத்துவப் பத்திரிகைல ஒரு ஆய்வு வந்துச்சு, முன்கள சுகாதாரப் பணியாளர்களுக்கு கோவிட் பாசிட்டிவ் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட 3.4 மடங்கு அதிகம், பிபிஇ (மாஸ்க், கவுன், கிளவுஸ் மாதிரி பாதுகாப்புச் சாமான்) பத்தாதவங்களுக்கும் போட்டதையே திரும்பப் போட்டவங்களுக்கும் நிலைமை இன்னும் மோசம், அதை விடுங்க, பிபிஇ ஒழுங்கா கிடைச்சவங்களுக்குமே ரிஸ்க் போயிடலை. எங்களுக்கு அது ஆச்சரியமே இல்லை. வார்டுல கழுத்து வரைக்கும் மூடிட்டு நெபுலைசேஷன் (மருந்தை ஆவி மாதிரி மூச்சுல குடுக்குறது), சக்ஷன் (சளியை உறிஞ்சி எடுக்குறது) எல்லாம் பாத்துட்டு வந்து டியூட்டி ரூம்ல என்ன பண்றோம்? குளிருக்கு ஜன்னலை இறுக்கிச் சாத்தி, ஹீட்டரைப் போட்டு, நர்சுங்க, ஆயாம்மா, லேப் தம்பி எல்லாரும் மாஸ்க்கைக் கழட்டி வச்சுட்டு முட்டிக்கு முட்டி உக்காந்து டீயும் வர்க்கியும் சாப்பிடுறோம், அந்த ரூம்ல ஒருத்தருக்கு இருந்தா போதும். உலக சுகாதார நிறுவனம் மதிப்பீடு பண்ணதுல 2020 ஜனவரில இருந்து 2021 மே வரைக்கும் கோவிட்ல இறந்த சுகாதாரப் பணியாளர்கள் 80,000ல இருந்து 1,80,000 வரை இருக்கலாம்னு இருக்கு. அதனால இந்த மாஸ்க்குக்கு எத்தனை ஸ்டார் குடுத்தாலும் அது வார்டு நேரத்துக்கு மட்டும்தான், டியூட்டி ரூம் ஜன்னலை ஒரு விரக்கடையாவது திறந்து வைங்க, ஸ்வெட்டர் போட்டுக்கலாம்.

குறைன்னா, கொண்டை போட்டா மேல் எலாஸ்டிக் வழுக்கி வழுக்கி வரும், கழட்டும்போது முடியோட இழுக்கும். மூக்குல தழும்பு விழும். நான் வாங்குனது மரவேலை மாதிரி தூசி வேலைக்குப் போடுற ரகம், ரத்தம் சளி தெறிச்சா தாங்காது, சக்ஷன் பண்ணும்போது மேல ஃபேஸ் ஷீல்டும் வேணும். கழட்டுறப்ப முன்பக்கம் தொடாம கீழ் பட்டை முதல்ல, மேல் பட்டை அப்புறம்.

மாஸ்க்குக்கு அஞ்சுக்கு நாலு, கடைக்கு மூணு. ஏன்னா வால்வு வச்ச மாஸ்க்கை இன்னும் முன்னாடி அடுக்கி வச்சிருக்காரு, அது விடுற மூச்சை அப்படியே வெளிய தள்ளும், 2020 ஜூலைலயே மத்திய சுகாதாரத் துறை வேணாம்னு மாநிலங்களுக்கு எழுதுனது, கேட்டா "டூரிஸ்ட் கேக்குறாங்க சிஸ்டர்"னு சிரிக்கிறாரு. சின்ன முகத்துக்கு ஸ்மால் சைஸ் அங்க இல்லை, சொல்லி வச்சா கோயமுத்தூர்ல இருந்து வரவழைச்சுத் தர்றாரு. குன்னூர், கோத்தகிரில இருந்து வர்றவங்க ஃபோன் பண்ணிட்டு வாங்க, மே மாசம்னா வண்டிய எங்கயாவது தள்ளி விட்டுட்டு நடந்துதான் வரணும்.