சார்ல்ஸ் பனர்மனின் சுட்டுவிரலும் கிளிநொச்சியில் வாங்கிய கிளவுஸும்

கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் இருக்கிற விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் மருமகனுக்குக் கடினப்பந்து கிளவுஸ் ஒரு சோடி வாங்கினோம். 6,500 ரூபா. காசுக்கேற்ற சாமான், நம்பி வாங்கலாம். ஆனால் கிளவுஸ் வாங்கும்போது எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தது சார்ல்ஸ் பனர்மனின் கதை, அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் பந்துக்கு முகம் கொடுத்தவர், முதல் ஓட்டத்தை எடுத்தவர், முதல் சதத்தை அடித்தவர், மூன்றும் இந்த ஒரு மனிதர்தான். 1877 மார்ச் 15, மெல்பேர்ன் மைதானம், பந்து போட்டவர் அல்பிரட் ஷோ. அவுஸ்திரேலியா என்று ஒரு நாடே அப்போது உருவாகவில்லை, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா என்று தனித்தனிக் குடியேற்றங்கள். அங்கிருந்து ஆட்களைச் சேர்த்து இங்கிலாந்துக்கு எதிராக இறக்கியதுதான் பனர்மன் ஆடிய அணி. பனர்மனே இங்கிலாந்தின் வூலிச்சில் பிறந்தவர். முதல் நாள் முடியும்போது 126 ஓட்டங்களோடு நின்றார். மறுநாள் 165 எடுத்திருந்தபோது ஜோர்ஜ் யூலியட்டின் பந்து வலக்கைச் சுட்டுவிரலைப் பிளந்துவிட, ஆட்டமிழக்காமலேயே வெளியே போக வேண்டியதாயிற்று. அணி எடுத்தது மொத்தம் 245, அவருக்கு அடுத்தபடியாக அதிகம் அடித்தவர் டொம் கரெட், வெறும் 18! மொத்த ஓட்டங்களில் 67 வீதத்துக்கும் மேல் ஒரே ஆள் அடித்தது. 1999 இல் அவுஸ்திரேலியாவின் மைக்கல் ஸ்லேட்டர் அணியின் 184 ஓட்டங்களில் 123 அடித்துக் கிட்ட வந்தார், தாண்டவில்லை.

காயத்தோடு இரண்டாவது இனிங்ஸிலும் இறங்கினார், 4 ஓட்டம்தான். அணி 45 ஓட்டங்களால் வென்றது. அப்புறம் அவர் ஆடியது இன்னும் இரண்டே டெஸ்ட், எல்லாமாக 239 ஓட்டங்கள், சராசரி 59.75. முதல்தரப் போட்டிகளிலும் அந்த 165ஐத் தவிர வேறு சதம் இல்லை. பிற்காலத்தில் நடுவராக நின்றார். இவ்வளவு சின்னக் கணக்கை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பெயர் எடுத்தவர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சரி, கிளவுஸுக்கு வருவோம். வலக்கைக்காரர் மட்டையைப் பிடிக்கும்போது வலக்கைதான் கீழே இருக்கும். பந்து திடீரென்று எகிறினால் பந்துக்கும் கைபிடிக்கும் நடுவில் நசுங்குவது அந்தக் கைச் சுட்டுவிரல். எங்கள் பக்கப் பாடசாலைப் பெடியள் பெரும்பாலும் ஆடுகளத்தில் மற்றிங் என்கிற தடித்த பாய் விரித்துத்தான் ஆடுகிறார்கள், அதில் பந்து நன்றாகவே எழும்பும். இதற்கு முன் வேறொரு இடத்தில் மலிவாக வாங்கிய சோடியில் விரலின் மேல்பக்கம் மட்டும் தடிப்பு, பக்கவாட்டில் வெறும் பஞ்சு. பெருவிரலால் அமத்தினால் உள்ளே இருக்கிற எலும்பு தட்டுப்படும். இந்தச் சோடியில் சுட்டுவிரலின் இரண்டு பக்கமும் கட்டியான தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள், எவ்வளவு அமத்தியும் இறங்கவில்லை. கட்டைவிரலும் அப்படியே. உள்ளங்கை மெல்லிய தோல், மட்டைப் பிடி நன்றாகத் தெரிகிறது என்று மருமகன் சொல்கிறான்.

குறையும் உண்டு. இந்த வெயிலில் உள்ளே வியர்வை ஊறிவிடுகிறது, காயவைத்தால் உள்ளங்கைத் தோல் விறைத்துப்போகிறது. நிழலில் காற்றுப்படப் போட்டால் பரவாயில்லை. உள்ளுக்குப் போடுகிற பருத்தி கிளவுஸையும் கையோடு வாங்குங்கள். மணிக்கட்டுப் பட்டி இப்போதே கொஞ்சம் இளகத் தொடங்கிவிட்டது.

கடைக்கார அண்ணை பொறுமையானவர். நான்கைந்து சோடி எடுத்து வைத்து, போட்டுப் பார்க்க விட்டு, மட்டையையும் கையில் தந்தார். முன்பு இதற்கெல்லாம் யாழ்ப்பாணம் ஓட வேண்டியிருந்தது. இடக்கைக்காரருக்கான சோடி மட்டும் கையிருப்பில் இல்லை, சொன்னால் எடுப்பித்துத் தருவாராம். முல்லைத்தீவு, மாங்குளம் பக்கமிருந்து வருகிறவர்கள் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.