இறந்தவரின் ஃபேஸ்புக் கணக்கு: ‘மெமோரியலைசேஷன்’ வசதி எப்படி?

இறந்தவரின் கணக்கை அழிக்காமல் நினைவுக் கணக்காக மாற்றி வைக்கும் இது நல்ல வசதிதான். ஆனால் கணக்குக்கு உரியவர் உயிரோடு இருக்கும்போதே தனக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ‘லெகசி கான்டாக்ட்’டாக ஒருவரை நியமித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாதிப் பயன்தான். நினைவுக் கணக்கான பிறகு அந்தப் பொறுப்புக்கு யாரையும் புதிதாகச் சேர்க்க முடியாது. பாஸ்வேர்டு தெரிந்தாலும் உள்ளே நுழைய முடியாது.

விண்ணப்பம் சுலபம். உதவிப் பக்கத்துப் படிவத்தில் பெயர், இறந்த தேதி, ஒரு சான்று. சிங்கப்பூரில் 2022 மே 29 முதல் இறப்புச் சான்றிதழ் மின்னியல் வடிவில்தான் வருகிறது. அரசாங்கத்தின் ‘மை லெகசி’ இணையத் தளத்திலிருந்து 30 நாளுக்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கருமக்கிரியை முடியட்டும் என்று விட்டால் நாள் ஓடிவிடும். சான்றிதழ் ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்க்கும் செலவில்லை.

நம் குடும்பங்களுக்குச் சிக்கல் பெயரில்தான் வரும். அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’ போட்டு அப்பா பெயரோடு நீளமாக இருக்கும். ஃபேஸ்புக்கில் வீட்டில் கூப்பிடும் பெயர் மட்டும் இருக்கும். சான்றிலுள்ள பெயர் கணக்கோடு பொருந்தாவிட்டால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். இரங்கல் அறிவிப்பையும் சான்றாக ஏற்கிறார்கள். அதனால் தமிழ் முரசில் அறிவிப்பு கொடுக்கும்போதே இரண்டு பெயர்களையும் போட்டுவிடுங்கள்.

கணக்கு மாறியதும் பெயரருகே ‘ரிமெம்பரிங்’ என்று வரும். பிறந்தநாள் நினைவூட்டல் நின்றுவிடும். செய்தி தெரியாத நண்பர்கள் “ஹேப்பி பர்த்டே அண்ணே” என்று எழுதுவதைப் பார்க்கும் வேதனை குறையும். இதற்காகவே இந்த வசதியைப் பரிந்துரைக்கலாம்.

நியமிக்கப்பட்டவர் முகப்புப் படத்தை மாற்றலாம், மேலே ஓர் அறிவிப்பை நிறுத்தி வைக்கலாம், நட்புக் கோரிக்கைகளை ஏற்கலாம், கணக்கை நீக்கச் சொல்லலாம். மெசஞ்சர் உரையாடல்களை மட்டும் படிக்கவே முடியாது. இது சரியான முடிவு. அந்த உரையாடல்களில் இன்னொருவரின் அந்தரங்கமும் இருக்கிறது.

பலருக்கும் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. கடைக்கோ கோயில் குழுவுக்கோ உள்ள பக்கத்தை இறந்தவர் ஒருவரே நிர்வகித்திருந்தால், அவர் கணக்கு நினைவுக் கணக்காகும்போது அந்தப் பக்கம் நீக்கப்பட்டுவிடும். பல வருடத்துப் படங்களும் வாடிக்கையாளர் கருத்துகளும் அதோடு போய்விடும். இரண்டாவது நிர்வாகி ஒருவரை இப்போதே சேர்த்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வசதியே இல்லை. 120 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் கணக்கு பொதுவாக நீக்கப்படும். கைப்பேசி லைனை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். முதலில் படங்களையும் குரல் பதிவுகளையும் வேறிடத்தில் சேமியுங்கள்.

கூகலின் ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ இந்த விஷயத்தில் ஒரு படி மேல். 3 முதல் 18 மாதம் வரை நாம் குறிக்கும் காலத்துக்குக் கணக்கில் நடமாட்டம் இல்லையென்றால், நாம் சொல்லி வைத்த 10 பேர் வரைக்கும் தரவு தானாகப் போய்ச் சேரும். சான்றிதழே வேண்டாம்.

ஃபேஸ்புக்கில் லெகசி கான்டாக்ட்டை நியமிக்க, அமைப்புகளில் இந்த வரிசையில் செல்லுங்கள்: ‘அக்கவுண்ட்ஸ் சென்டர்’, ‘பர்சனல் டீடெய்ல்ஸ்’, ‘அக்கவுண்ட் ஓனர்ஷிப் அண்ட் கன்ட்ரோல்’, ‘மெமோரியலைசேஷன்’. ஆளைத் தேர்ந்தெடுத்ததும், பதிவுகளின் நகலை அவர் இறக்கிக்கொள்ளும் அனுமதியையும் கொடுத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் படங்களைப் பக்கத்தில் பார்க்கலாமே தவிர, மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்ள அவரால் முடியாது.