சிக்னலா, டெலிகிராமா?

அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டைப் பத்திரிகையாளரிடம் சொல்ல நினைக்கும் அரசு ஊழியர் எந்தச் செய்திச் செயலியை நம்பலாம்? சிக்னல்தான் என்பேன்.

டெலிகிராமின் வழக்கமான உரையாடல்கள் அந்நிறுவனத்தின் சர்வரில் தங்குகின்றன. அவற்றைத் திறக்கும் சாவியும் அதனிடமே இருக்கிறது. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய முழு மறையாக்கம் வேண்டுமானால் ஒவ்வொருவரோடும் ‘ரகசிய உரையாடல்’ ஒன்றைத் தனியாகத் தொடங்க வேண்டும். குழுக்களுக்கு அதுவும் கிடையாது. 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனர் பாவெல் துரோவ் பிரான்ஸில் கைதானார். அடுத்த மாதமே, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் விதிமீறுவோரின் தொலைபேசி எண்ணையும் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியையும் தரலாம் என்று நிறுவனம் அறிவித்தது.

சிக்னலில் செய்தி, அழைப்பு, குழு எல்லாமே தொடக்கத்திலிருந்தே முழு மறையாக்கத்தால் பூட்டப்பட்டவை. 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து சட்டப்படி தகவல் கேட்டு ஆணை வந்தபோது சிக்னலால் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறெதையும் அது சேமித்தே வைத்திருக்கவில்லை. தகவல் தருபவருக்கு இதைவிடப் பெரிய துணை எது?

பெருந்திரளுக்குச் செய்தி பரப்ப டெலிகிராம் சேனல் வசதியானது, மறுக்கவில்லை. பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் கைபேசிக்குள் புகுந்துவிட்டால் சிக்னலும் காப்பாற்றாது. அலுவலகம் கொடுத்த கைபேசியில் இரண்டையுமே நிறுவாதீர்கள்.