தகரக் கூரைக்குக் கீழே: டவர் கூலரா, தண்ணீர் கூலரா?

போன வாரம் பர்மாவின் பெகு நகரிலிருந்து மைத்துனர் கூப்பிட்டார். "மச்சான், ரெண்டர் போட்ட அஞ்சாவது நிமிஷமே 90 டிகிரி காட்டுது. டவரைக் கழற்றிட்டுத் தண்ணி கூலர் போட்டுடவா?" ரெண்டர் என்றால் எடிட் செய்த வீடியோவைக் கணினி முழு வீடியோவாகக் கோத்து எழுதுவது. அப்போதுதான் பிராசசர் மிகவும் சூடாகும், அந்தச் சூட்டை இறக்குவதுதான் கூலரின் வேலை. டவர் என்பது தகடுகளும் ஃபேனும் உள்ளது. தண்ணீர் கூலரில் பம்ப் தண்ணீரை ஓட்டி, சூட்டை ரேடியேட்டர் என்னும் தகட்டுப் பலகைக்குக் கொண்டுபோகும். அவரிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் ஒரே பிராசசர், ரைசன் 7 5800எக்ஸ். நான் இரண்டு வருடம் தண்ணீர் கூலர் வைத்திருந்தேன். 2024 ஏப்ரலிலிருந்து டவர். கேபினட், மதர்போர்டு, அறை எதுவும் மாறவில்லை. போனில் அவரிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அறை. ரங்கூன் நகர மையத்தில் ஆறாம் மாடி, மேலே தகரக் கூரை. பங்குனி, சித்திரையில் மத்தியானம் அறைக்குள்ளேயே 36 டிகிரி. 2024 ஏப்ரல் கடைசியில் இதே நாட்டின் சௌக் நகரில் 48.2 டிகிரி பதிவானதே, அந்த வாரங்களில் இங்கும் 40ஐ ஒட்டி நின்றது. இந்த இரண்டு கூலரில் எதுவும் பிராசசரை அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்காது. உள்ளே தண்ணீர் ஓடினாலும் அப்படித்தான். 24 டிகிரி ஏசி அறையில் 74 காட்டும் கணினி, அதே வேலையை என் அறையில் செய்தால் ஏறக்குறைய 86 காட்டும். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் எண்ணைப் பார்த்துக் கூலர் வாங்குகிறவர்கள் இந்த 12 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சூடானால் பிராசசர் எரிந்துபோகும் என்று மைத்துனர் பயப்படுகிறார். அது தன்னைக் காத்துக்கொள்ளும். 5800எக்ஸுக்கு வரம்பு 90 டிகிரி. அதைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனக்கு நஷ்டமே அந்தக் குறைப்பில்தான். கல்யாண வீடியோவும் கோயில் தீமிதி வீடியோவும் எடிட் செய்து பிழைக்கிறேன். எங்கள் தெருவுக்கு மின்சாரம் முறை வைத்து வருகிறது. மூன்றரை மணி நேர ரெண்டர் நாலரை மணி நேரமானால் முடிவதற்குள் கரண்ட் போய்விடும், மிச்சம் இன்வர்ட்டர் பேட்டரியைத் தின்னும்.

காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை எல்லாரும் அறிந்தவைதான்: கூலரின் அடியில் பிளாஸ்டிக் உறை உரிக்காமல் இருக்கிறதா, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா, ஃபேன் காற்றைப் பின்பக்கமாகத் தள்ளுகிறதா, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருந்து காற்றே நுழையாமல் இருக்கிறதா. பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு ரெண்டர் போட்டுப் பாருங்கள். சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால் குறை கேபினட்டில். கூலரை மாற்றிப் பயனில்லை.

தண்ணீர் கூலருக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுகிறேன். என்னுடையது 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ளது. 36 டிகிரி அறையில், முழு வேகத்தில், 86லும் 87லும் நின்றது. சத்தம் குறைவு. சின்ன வேலைகளின்போது வெப்பம் துள்ளாது, ஏனென்றால் முதல் சூட்டைத் தண்ணீரே வாங்கிக்கொள்ளும். இப்போதுள்ள டீப்கூல் ஏகே400 டவர், அதே அறையில் அதே முழு வேகத்தில், 90ஐத் தொட்டுவிடுகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் தண்ணீர் கூலருக்குத்தான் வெற்றி.

ஆனாலும் நான் டவர் பக்கம். அதற்குக் காரணம் பராமரிப்பு.

2024இல் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம். கையில் மூன்று கல்யாண வேலை. கணினி திறந்து சும்மா இருக்கும்போதே 70 காட்டியது. ரெண்டர் போட்டதும் அரை நிமிடத்தில் 90, பிறகு தானே அணைந்தது. பேஸ்ட் மாற்றினேன், ரேடியேட்டரைத் தட்டித் துடைத்தேன், ஒரு நாள் முழுக்க வீணானது. கடைசியில்தான் கையை வைத்துப் பார்த்தேன். பிராசசர் மேலிருக்கும் பம்ப் தலை தொட முடியாத சூடு. ரேடியேட்டரோ அறையைப் போல இருந்தது. சூடான தண்ணீர் மேலே போகவே இல்லை, பம்ப் நின்றுவிட்டது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள், பிறகு பயாஸில், அதாவது கணினி திறக்கும்போதே நுழையும் அமைப்புத் திரையில், பம்ப் சுற்றும் எண்ணிக்கையைப் பாருங்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

வாங்கிய கடையில் காட்டினேன். வாரண்டி இருந்தது, ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் மாற்ற வேண்டும், எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பழுது பார்க்கவும் வழியில்லை. குழாய், பம்ப், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாக மூடி முத்திரையிட்ட பொருள். ரப்பர் குழாய் வழியே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போவதும், பெரும்பாலும் செம்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே தண்ணீரில் இருப்பதால் நாளடைவில் கசடு சேர்வதும் அதன் இயல்பு. என் பம்ப் நின்றது கசடாலா, நாளுக்கு ஐந்தாறு முறை கரண்ட் போய் வந்ததாலா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

டவரில் ஓடுகிற பொருள் ஒன்றே ஒன்று, ஃபேன். செம்புக் குழாய்களுக்குள் இருக்கும் சொட்டுத் திரவம் பிராசசர் சூட்டில் ஆவியாகி மேலே போய், தகடுகளில் சூட்டை விட்டுக் குளிர்ந்து, குழாயின் உட்சுவர் வழியாகத் தானே அடிக்குத் திரும்பும். அதற்கு மோட்டார் வேண்டாம். ஃபேன் நின்றாலும் சூடு மெல்லத்தான் ஏறும். திறந்திருக்கும் வேலையைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும். புது 120 மில்லிமீட்டர் ஃபேன் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் அன்றைக்கே கிடைக்கும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பொருந்தும். தூசிக்கும் இதே கணக்கு. கார்த்திகையிலிருந்து சித்திரை வரை இங்கே மழை அபூர்வம், தெருப்புழுதி ஆறாம் மாடிக்கும் ஏறும். டவரில் இரண்டு கம்பிக் கொக்கிகளை விலக்கினால் ஃபேன் கையோடு வந்துவிடும். பெயின்ட் பிரஷால் தகடுகளைத் துடைக்கப் பத்து நிமிடம். ரேடியேட்டரில் தூசி ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே போர்வை போலப் படியும், எட்டு ஸ்குரூ கழற்றினால்தான் கண்ணுக்கே தெரியும். மாதம் ஒருமுறை செய்ய வேண்டியதை நான் நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் செய்தேன். டவரை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை.

டவர் தொட்டுவிடும் அந்த 90 டிகிரிக்கு என்ன செய்தேன் என்றால், பயாஸில் ஈகோ மோடு போட்டேன். 5800எக்ஸ் 142 வாட் வரை இழுக்கும். ஈகோ மோடில் 88 வாட்டோடு நின்றுவிடும். வெப்பம் 72க்கு இறங்கியது. ஒரு மணி நேர ரெண்டருக்கு நான்கு நிமிடம் கூடியது, அவ்வளவுதான். ஐம்பது வாட் மிச்சமாவது இன்வர்ட்டரில் ஓட்டும்போது நன்றாகவே தெரிகிறது. மைத்துனர் புதுக் கூலர் வாங்காமல் இதை முதலில் செய்து பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

நான் பேசுவது இந்த ஒரு பிராசசரை வைத்துத்தான். 250 வாட் இழுக்கும் பெரிய இன்டெல் சில்லுகளை ஓட்டிப் பார்த்ததில்லை, 360 ரேடியேட்டரும் வைத்ததில்லை. ஏசி அறை, நிற்காத மின்சாரம், பக்கத்திலேயே வாரண்டி மாற்றித் தரும் கடை, இவை மூன்றும் இருப்பவருக்கு என் தராசு வேறு பக்கம் சாயலாம்.

கூலரைக் கழற்றும்போது ஒரு கவனம். 5800எக்ஸ் பொருந்தும் இந்த ஏஎம்4 சாக்கெட்டில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. பேஸ்ட் இறுகியிருக்கும்போது நேராக இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளையும். பத்து நிமிடம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். மைத்துனரின் டவரில் பேஸ்ட் மூன்று வருடப் பழசு. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நானே போகிறேன். அதுவரை கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.