ஆய்வகக்காரங்க ஊருக்கு வந்த நிகழ்ச்சி: அஞ்சுக்கு மூணரை

முக்கூடல் பக்கம் மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். பிப்ரவரி 28 அறிவியல் தினத்துக்கு ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க எங்க ஊர் ஸ்கூலுக்கு வேன்ல வந்தாங்க. பெத்தவங்களும் வரலாம்னாங்க, மகளோட போனேன். குறையும் சொல்லப் போறதால பேரு வேண்டாம்.

ஹால்ல நடந்தது தேறாது. சன்னல் வெளிச்சத்துல திரை தெரியல, தெரிஞ்ச மட்டுக்கும் எல்லாம் இங்கிலீஷ். சர் சி.வி. ராமன், 1928, நோபல் பரிசு. பிள்ளைங்க புத்தகத்துலயே இருக்கு, இதுக்கு எதுக்கு வேன்?

மூணரை ஸ்டாரும் வேப்பமரத்தடிக்குத்தான். ஒரு ஆராய்ச்சி மாணவி, தென்காசிப் பக்கத்துப் பேச்சு, முதல்ல பக்கத்துல நின்ன சைக்கிளையெல்லாம் தள்ளி நிறுத்தச் சொல்லுச்சு. இரும்பு கிட்ட இருந்தா காந்தம் ஏமாத்தும்லா, அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துட்டு. ஸ்வெட்டர் பின்னுற ஊசிய நூல்ல கட்டி, இம்மி சாயாம மட்டம் பாத்துச்சு. அதுக்கப்புறம்தான் காந்தத்துல தேச்சு மறுபடி தொங்க விட்டுச்சு. ஊசி தெற்கு வடக்காத் திரும்பி நின்னுது.

"அக்கா, வேற ஒண்ணும் நடக்கலையே"ன்னான் ஒரு பய.

"அதாம்ல விசேஷம்! டெல்லியில இதே ஊசிய விட்டா வடக்கு முனை 40 டிகிரிக்கு மேல தரையப் பாத்துக் குனிஞ்சிரும். நம்ம ஊரு பூமியோட காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கு, அதான் படுத்தே கிடக்கு."

1963ல இந்தியாவுல முதல் ராக்கெட் விட திருவனந்தபுரம் பக்கத்துல உள்ள தும்பாவைப் பிடிச்சதுக்கும் இந்தக் கோடுதான் காரணமாம். இந்தக் கோட்டுக்கு மேல, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உசரத்துல, பகல்ல கிழக்கு பாத்து கரண்டு ஓடுதுன்னும் சொல்லுச்சு. வாய் சும்மா இருக்குமா, "கம்பி இல்லாம எப்படிம்மா ஓடும்?"னு கேட்டேன். "வெயில் காத்தை அயனியா, அதாவது மின்சாரம் ஏறுன துகளாப் பிரிச்சிருது அண்ணாச்சி, அதுதான் கம்பி"ன்னுச்சு. உச்சிப்பொழுதுல கூடும், ராத்திரி அடங்கிரும். தரையில பூமியோட காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்த பலத்தை அளக்குற அலகு அது). இந்தக் கரண்டால மத்தியானம் அது கூடிக் குறையுறது நூறை ஒட்டித்தான் இருக்குமாம். அவ்வளவு சின்னதை அளக்கத்தான் கிருஷ்ணபுரத்துல இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வுக்கூடம் இருக்கு. (வந்தவங்க அங்கத்தவங்க இல்ல.) அந்த ஊருன்னா கோயில் சிற்பம்னு மட்டும்தான் நமக்குத் தெரியும்.

ஒரே குறை, டெல்லி ஊசிய யாரும் பாக்கல. அங்க உள்ள கூட்டாளிகிட்ட சொல்லி செல்போன்ல ஒரு நிமிஷ வீடியோ எடுத்து வாங்கியிருக்கலாம். பக்கத்துல வச்சுப் பாத்தாத்தானே இங்க சாயாம நிக்குறது அதிசயம்னு புரியும்? என் மகளே வீட்டுக்கு வந்து, "அந்தக்கா நிசமாத்தான் சொல்லுதாங்களாப்பா?"ன்னு கேட்டா.

மரத்தடிக்குக் கிடைச்சது அரை மணி நேரம் இருக்கும். பிள்ளைங்க கைக்கு ஊசி வர்றதுக்குள்ள சர்டிபிகேட் குடுக்கணும்னு கூப்பிட்டுட்டாங்க. உங்க ஊருக்கு வந்தா ஹெட்மாஸ்டர்கிட்ட முன்கூட்டியே பேசி, ஹாலை விட்டுட்டு நேரா வெளிய ஆரம்பிக்கச் சொல்லுங்க. ஆளுக்கொரு ஊசியும் நூலும் கேளுங்க. காந்தத்துக்கு நம்ம கடையில பழைய ஸ்பீக்கர் கிடக்கு, காசு வேண்டாம்.