மூன்று வருஷமும் ஒரு முடிச்சும்: அம்மா இருக்கும் முதியோர் இல்லம்

போன வாரம் நண்பன் போன் செய்தான். அவனுடைய அப்பாவுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறான். "உங்கம்மா இருக்கிற இல்லம் எப்படிடா, சேர்க்கலாமா?" என்று கேட்டான். நான் அப்போதுதான் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். "சேர்க்காதடா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பாவம், காரணம் கேட்டு மறுபடி அழைத்தான். காரணம் ஒரு கயிறு. போனில் சொன்னால் சிரிப்பான் என்று அப்போது சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அறை, வெளிச்சம், சுத்தம், நேரத்துக்கு மருந்து எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மாவின் குளியலறையில் டாய்லெட்டை ஒட்டி ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். இழுத்தால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும். அது கிட்டத்தட்ட தரையைத் தொடுகிற மாதிரி தொங்க வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கு எப்படியும் கை எட்டிவிடும். வழுக்கி விழுந்து கிடப்பவருக்கும் எட்ட வேண்டும் என்றுதான் அத்தனை நீளம்.

சேர்த்து மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், கயிற்றைச் சுருட்டிக் கைப்பிடிக் கம்பிக்கு மேலே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். தரை துடைக்கும்போது மாப்பில் மாட்டி மணி அடித்துவிடுகிறதாம். அவிழ்த்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி முடிச்சு. மேலாளரிடம் சொன்னேன். "கண்டிப்பா சார், பார்த்துக்கறோம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். சுவரில் காகிதம் ஒட்டினேன். ஈரத்தில் காகிதம் உரிந்து விழுந்தது, முடிச்சு உரியவில்லை. மூன்று வருஷமாக, போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றியதும் நான் செய்கிற முதல் வேலை முடிச்சை அவிழ்ப்பது. அப்புறம்தான் அம்மா முகத்தையே பார்க்கிறேன்.

ஒரு கயிற்றுக்கு இவ்வளவு ஆத்திரமா என்றால், ஆமாம். சேர்க்கிற அன்று அம்மாவை நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார்கள். 1991 முதல் மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய சோதனை அது. 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு 19 ஆனது. அந்தப் பத்தொன்பதைக் கோப்பில் அழகாக எழுதி வைத்துக்கொண்டவர்களேதான் கயிற்றை மேலே கட்டுகிறார்கள். விழுகிற அடியை விட, விழுந்த இடத்திலேயே கிடப்பது மோசம். ஒரு மணி நேரத்துக்கு மேல் எழ முடியாமல் கிடந்தால் தோல் புண்ணாகும், உடம்பில் நீர் வற்றும், நசுங்கிய தசையின் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். எலும்பு முறியாமலே ஆளைக் கொண்டுபோய்விடும்.

இப்போது நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சொல்லவே பிடிக்கவில்லை.

முடிச்சுப் போடுவது யார் என்று எனக்குத் தெரியும். காலை ஷிப்டில் வரும் ஆயாம்மா. பேச்சு கொஞ்சம் முரடு. போன வருஷம் ஒரு நாள் காலை அம்மா சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். என்னைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று விரட்டினார். நான் உடைந்துபோனேன். மறதி நோய் ஆரம்பித்துவிட்டது, இனி இப்படித்தான் என்று அக்காவுக்குப் போன் செய்து அழுதேன். ஆயாம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே பேசினாங்க? ஒரே ராத்திரியில வர்றது மறதி இல்ல சார், மொதல்ல யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார். எடுத்தார்கள். சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் இப்படிக் குழப்பமாக அது வெளிப்படுவது உண்டு என்று டாக்டர் பிறகு விளக்கினார். மருந்து கொடுத்த சில நாளில் அம்மா தெளிந்து, நான் ஏன் இளைத்துவிட்டேன் என்று திட்டினார்.

வீட்டில் வைத்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது. வீட்டிலேயே ஆள் வைத்து ஏழு மாதம் பார்த்தோம். அந்த ஆள் வராத நாளெல்லாம் அக்காவுக்கோ எனக்கோ லீவு, அப்புறம் சண்டை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

நண்பனுக்கு நான் உருப்படியாகச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். இடம் பார்க்கப் போனால் வரவேற்பறையில் உட்கார்ந்து ஏமாறாதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சொல்லாமல் போ. முடிந்தால் ஒரு அறையில் நீயே மணியை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார். ஆள் வர எவ்வளவு நேரம் என்பதை விட, அறைக்குள் வந்துதான் மணியை நிறுத்த முடியுமா, மேஜையிலிருந்தே நிறுத்தலாமா என்று கேள். மேஜையிலிருந்தே நிறுத்தலாம் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். குளிப்பது, உடுத்துவது, டாய்லெட் போவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்கிக்கொள்வது, சாப்பிடுவது என்று ஆறு விஷயம் கேட்டுப் பராமரிப்புக் கட்டணம் போடுவார்கள். இன்று அப்பாவுக்கு இரண்டில்தான் உதவி வேண்டியிருக்கும். ஐந்தாக ஆனால் அங்கேயே வைத்துக்கொள்வார்களா, வேறு இடம் பாருங்கள் என்பார்களா என்று எழுத்தில் வாங்கு. நாங்கள் கேட்கவில்லை. அம்மா இப்போது நான்கில் இருக்கிறார்.

முக்கியமாக, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. ஜன்னல் பக்கம் கட்டில் வேண்டுமா, சுவர்ப் பக்கமா என்பதையாவது அவர் சொல்லட்டும். அம்மாவுக்கு அதைக்கூட நாங்களே முடிவு செய்தோம். கட்டிலைத் திருப்பிப் போட அம்மா எட்டு மாதம் காத்திருந்து, கடைசியில் ஆயாம்மாவிடம் சொல்லிச் சாதித்துக்கொண்டார். எங்களிடம் சொல்லவே இல்லை.

நேற்று நண்பன் மறுபடி அழைத்தான். இதெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அறை ஏதாவது காலி இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுடா" என்றான். கேட்டேன். அம்மாவின் அறையிலிருந்து இரண்டு தள்ளி ஒன்று இருக்கிறது. பெயரைக் குறித்து வைக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் குளியலறையை எட்டிப் பார்த்தேன். ஆளே இல்லாத அறையிலும் கயிற்றைக் கட்டித்தான் வைத்திருந்தார்கள். அவிழ்த்துவிட்டு வந்தேன்.